பூம்பாவைக்குச் சொன்ன விழாக்கள்

மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவுக்குக் குழந்தைகளோடு போவது வேடிக்கையா, வழிபாடா? பலூனுக்கு அழும் பிள்ளைக்குப் பக்தி ஏது என்று சிலர் கேட்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இதே ஊரில் பாடிய பதிகமே அதற்குப் பதில். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவை என்ற பெண்ணை மீட்கப் பாடியது என்று பெரியபுராணம் சொல்லும் அப்பதிகம், கார்த்திகை விளக்கு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று விழாக்களையே அடுக்குகிறது. ஓர் உயிரைத் திரும்ப அழைக்க அவர் முன்வைத்தது கண்ணால் காணும் மகிழ்ச்சியைத்தான். அப்படியிருக்க, பிள்ளையின் வேடிக்கையை எப்படிப் பக்திக்குப் புறம்பானது என்பது?

வேடிக்கையோடு நின்றுவிடும் ஆபத்து உண்மைதான். ஆனால் அந்தக் குறை பெரியவர்களுடையது. விழாவில் பல்லக்கில் வரும் அறுபத்துமூன்று நாயன்மார்களில் வேடர் கண்ணப்பரையும், குயவர் திருநீலகண்டரையும், காரைக்கால் அம்மையாரையும் பார்த்து "இவங்க யாரு?" என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். அவர்கள் கதைகளைப் படித்துவிட்டுப் போங்கள்.