ஏழா, மூன்றா?

நூல் ஒன்று சொல்கிறது, கண் வேறொன்றைக் காண்கிறது. எதை நம்புவது? மெய்யியலின் இந்தப் பழைய கேள்வி 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மார்பெலும்பின் மேல் வந்து நின்றது.

நெஞ்சின் நடுவே உள்ள அந்தத் தட்டை எலும்பு ஏழு துண்டுகளால் ஆனது என்று எழுதியிருந்தார் கிரேக்க மருத்துவர் கேலன். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சொன்னதே வேதவாக்கு. ஆனால் மனித உடல்களை அறுத்துப் பார்த்த உடற்கூறியலாளர் வெசாலியஸ், 1543இல் வெளியிட்ட நூலில் மூன்று பகுதிகளையே காட்டினார்: மேலே கைப்பிடி, நடுவே உடல், கீழே வாள்முனை. கைப்பிடியின் இருபுறமும் காறையெலும்புகள் மூட்டுக் கொள்கின்றன. கைப்பிடியும் உடலும் சேரும் மேட்டில் இரண்டாம் விலா பொருந்துகிறது. மேல் ஏழு இணை விலாக்கள் குருத்தெலும்பு வழியே மார்பெலும்பை எட்டுகின்றன.

வெசாலியஸின் ஆசிரியர் சில்வியஸ் இதை ஏற்கவில்லை. கேலன் காலத்துக்குப் பின் மனித உடல்தான் மாறிவிட்டது என்று வாதிட்டார்!

கேலன் பொய் சொல்லவில்லை. அவர் அறுத்தது குரங்குகளை; அவற்றின் மார்பெலும்பு துண்டு துண்டாகவே இருக்கும். மனிதக் குழந்தைக்கும் நடுப்பகுதி பல துண்டுகள்தாம். ஏறத்தாழ 25 வயதுக்குள் அவை ஒன்றிவிடுகின்றன. ஆக, நூலும் ஒருவர் கண்டதுதான். யாருடைய உடலில், எந்த வயதில் கண்டார் என்று கேட்காமல் விட்டதே பிழை.

பழைய இந்திய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையோ நூல், கண் இரண்டையும் சேர்த்தே கேட்கிறது. நூலறிவோடு நேர்க்காட்சியும் வேண்டும் என்று சொல்லி, உடலை ஏழு இரவுகள் நீரில் ஊறவைத்து அடுக்கடுக்காய்ச் சுரண்டிப் பார்க்கும் முறையையும் விவரிக்கிறது.