நெய்யில் பொரித்த சமத்துவம்

குளிர் கழிந்து, கோதுமைக் கதிர் முற்றிப் பொன்னிறம் கொள்ளும் காலம். பால்குன மாதத்து முழுநிலவு. வடநாட்டு வீதிகளிலே வண்ணப்பொடி பறக்கிறது. வீடுகளிலே நெய் மணக்கிறது. ஹோலிப் பண்டிகையைப் புகழ்வோர் தவறாது கூறும் பெருமை ஒன்றுண்டு: அன்று உயர்ந்தவன் இல்லை, தாழ்ந்தவன் இல்லை, வண்ணம் பூசிய முகத்திலே சாதி தெரியாது என்பர்.

தெரியாதா? முகத்திலே தெரியாமற் போகலாம். தட்டிலே தெரிகிறது, தோழர்களே!

அடுப்பங்கரைக்குள் சென்று பார்ப்போம். பண்டிகைக்குச் சில நாள் முன்பே குஜியா செய்யத் தொடங்கிவிடுவர். மைதா மாவிலே நெய்யை உருக்கி விட்டுப் பிசைந்து, சிறு வட்டங்களாகத் தேய்த்து, கோவா, சர்க்கரை, தேங்காய்த் துருவல், முந்திரி, ஏலக்காய் கலந்த பூரணத்தை வைத்துப் பிறை போல் மடித்து, ஓரம் முறுக்கி, மெல்லிய சூட்டிலே பொரித்தெடுப்பர். நம் வீட்டுச் சோமாசிக்கு உடன்பிறப்பு அது. மராட்டியத்திலோ பூரண்போளி, கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்ந்த நமது போளியேதான். பருப்பு வடித்த நீரும் வீணாவதில்லை; புளியும் மசாலாவும் சேர, அதுவே ஆம்டி என்னும் குழம்பாகிறது.

இந்தச் சுவை செய்த குற்றம் ஏதுமில்லை. ஹோலிகை என்னும் பெண் தீயிலே வெந்தாள் என்ற புராணத்துக்கும், வெல்லத்தின் இனிப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவள் அண்ணன் இரணியனின் கதையை 1873இலேயே ‘குலாம்கிரி’ நூலிலே ஜோதிராவ் புலே தோலுரித்தார். வந்தேறிகள் மண்ணின் மன்னனை வஞ்சகத்தால் வீழ்த்திய கதை அது என்றார். கதையை நம்பாதவன் நாவுக்கும் வெல்லம் இனிக்கும். ஆகவே, பகுத்தறிவாளன் பண்டிகைப் பலகாரம் தின்னலாமா என்பதன்று கேள்வி. அப்பலகாரம் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது? அதுவே கேள்வி.

வடநாட்டு வைதிகம் உணவை இரண்டாக வகுத்தது. நெய்யிலே பொரித்தது ‘பக்கா’. நீரிலே வெந்ததும், நெய்யின்றிச் சுட்டதும் ‘கச்சா’. பூரி, குஜியா போன்ற பக்கா உணவு சாதி வேலிகள் சிலவற்றைத் தாண்டலாம். நெய் அதைத் தூய்மையாக்கிவிட்டதாம்! சோறு, பருப்பு, ரொட்டி ஆகிய கச்சா உணவையோ தன் சாதியாரிடமோ, தனக்கு ‘மேலான’ சாதியாரிடமோ மட்டுமே பெறலாம். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டோர் நெய்க்குடத்தையே கவிழ்த்துப் பொரித்தாலும், அவர் கைப் பலகாரத்தை ‘மேலோர்’ கொள்ளார். நெய்க்கும் எல்லையுண்டு!

விளங்குகிறதா சூழ்ச்சி? வீடு வீடாகச் சென்ற குஜியா சாதியை மீறிச் செல்லவில்லை. சாதியிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு சென்றது. மேலிருந்து கீழே தட்டு இறங்கியது. கீழிருந்து மேலே ஏறவில்லை. கொடுப்பதிலே பெருமை இருந்தது. கொள்வதிலே தீட்டு இருந்தது. ஒருவழிப் பாதைக்குச் சமத்துவம் என்றா பெயர்?

“ஒரு நாளாவது கூடிக் களிக்கிறார்களே, அதையும் குறை கூறுவதா?” என்பார் உண்டு. களிக்கட்டும்! ஆனால் ஒரு நாள் உரிமை, எஞ்சிய நாட்களின் அடிமைத்தனத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்புதல் ஆகிவிடக்கூடாது. பர்சானா ஊரிலே அப்பண்டிகைக் காலத்தில் பெண்கள் தடியெடுத்து ஆடவரை அடிப்பர். ஆடவர் கேடயம் பிடித்துச் சிரிப்பர். வேடிக்கைதான்! தடி பிடித்த கை, வீடு திரும்பியதும் பூரிக்கட்டையைப் பிடிக்கிறது. சிரித்த ஆடவர் சாப்பிட உட்காருகிறார்.

காலம் மாறிவிட்டது என்பீர்களா? 2011–12இல் நாடெங்கும் 40,000க்கு மேற்பட்ட குடும்பங்களிடம் மனித வளர்ச்சி ஆய்வாளர்கள் கேட்டனர்: உங்கள் வீட்டிலே தீண்டாமை உண்டா? இல்லையெனில், தாழ்த்தப்பட்ட வகுப்பார் உங்கள் சமையலறையில் நுழைந்தால், பாத்திரத்தைத் தொட்டால் தடையுண்டா? 100க்கு ஏறத்தாழ 27 குடும்பங்கள் ஆம் என்றன. வாய்திறந்து ஒப்புக்கொண்டோர் தொகை இது! 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது; அடுப்பங்கரைச் சட்டமோ இன்னும் திருத்தப்படவில்லை.

மாற்றுவழி வடநாட்டிலேயே இருக்கிறது. குருத்வாரா லங்கரிலே நாள்தோறும் வழங்குவது ரொட்டியும் பருப்பும். வைதிகம் வேலியிட்டுக் காத்த அதே கச்சா உணவு! யார் சுட்டது என்று கேளாமல், ஒரே வரிசையில் தரையிலமர்ந்து உண்கின்றனர். எனினும் சீக்கியரிடையேயும் சாதி முற்றும் சாகவில்லை. உடனுண்ணல் மட்டும் போதாது. கலப்பு மணம் வேண்டும், சாத்திரத்தின் மீதுள்ள நம்பிக்கையே தகர வேண்டும் என்று, லாகூர் மாநாட்டுக்காக 1936இல் எழுதிய உரையிலே டாக்டர் அம்பேத்கர் கூறியது அதனாற்றான்.

உடனுண்ணல் முடிவன்று, ஆனால் அந்தப் படியை மிதிக்காமல் மேலேற இயலுமா? இளைஞர்களே, குஜியா செய்யுங்கள். அண்ணனும் தம்பியும் கூடவே அமர்ந்து மாவு பிசையட்டும். தெருவெங்கும் கொடுங்கள். ஆனால், கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டாதீர்கள். பண்டிகை ஓய்ந்த மறுநாள், ஊர் ஒதுக்கிவைத்த வீட்டிலே, நெய் தடவாத ரொட்டியைக் கேட்டு வாங்கி, அவ்வீட்டாரோடு அமர்ந்து உண்ணுங்கள். கொடுக்கும் கை எவருக்கும் உண்டு. கொள்ளும் கையே மனிதனைக் காட்டும்.