தேங்கிய நீர் யாருக்குச் சொந்தம்?

அணையில் தேங்கி நிற்கும் நீர் யாருக்குச் சொந்தம்? கேள்வி எளியது; விடை அத்துணை எளிதன்று.

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில், பியாஸ் நதியின் குறுக்கே 1974-இல் பாங் அணை கட்டி முடிக்கப்பட்டது. அங்கே தேக்கப்பட்ட நீரால் தொலைவிலுள்ள ராஜஸ்தானத்துப் பாலைநிலம் பசுமை பெற்றது, மின்சாரமும் கிடைத்தது. ஆனால் அந்நீர் பரவிய இடத்தில் முன்பு வளமான வயல்கள் இருந்தன. 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் இழந்தன. ராஜஸ்தானத்தில் மாற்று நிலம் தருவதாக அளித்த வாக்கு, அவர்களுள் பலருக்குப் பல பத்தாண்டுகள் கடந்தும் நிறைவேறவில்லை.

காலப்போக்கில் அந்த நீர்ப்பரப்பு பல உயிர்களின் இல்லமாயிற்று. மீன்கள் பெருகின, மீனவர் குடும்பங்கள் பிழைத்தன. குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கின. 1983-இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2002-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. பாசனத்திற்கு நீர் திறக்கப்பட்டு ஏரி வற்றும்போது, மூழ்கிய நிலம் வெளிப்படுகிறது. அது தன் பாட்டன் உழுத மண் என்று ஒருவன் ஏர் பூட்டுகிறான். சரணாலயத்துக்குள் பயிரிடலாகாது என்கிறது சட்டம். பறவையோ இளம்பயிரை மேய்கிறது. பயிருக்குத் தெளித்த நஞ்சு மழைநீரோடு கலந்து மீனைச் சேர்கிறது. இவர்களுள் குற்றவாளி யார்?

ஒவ்வொருவர் உரிமையும் உண்மையே. எவருடைய உரிமையும் முழுமையன்று. உடலில் கண் தனக்கென்று மட்டும் காண்பதில்லை. கை தனக்கென்று மட்டும் உழைப்பதில்லை. நீர்த்தேக்கமும் அத்தகைய ஓர் உடலே. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் பறவைக் காய்ச்சலால் அங்கு ஆயிரக்கணக்கான பறவைகள் மடியத் தொடங்கியபோது, மீன்பிடித் தொழிலும் நின்றது. பறவையின் நோய் மீனவனின் அடுப்பை அணைத்தது.

ஆகவே, 'எனக்கு எவ்வளவு?' என்ற வினாவை மட்டும் கொண்டு ஏரியைப் பேணுதல் இயலாது. மழைக்காலத்தில் மீன்கள் முட்டையிடும் 2 மாதங்கள் அங்கே மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. இன்று கட்டும் வலையே நாளைய மீனைத் தருகிறது. இத்தகைய அடக்கம் மீனவனுக்கு மட்டும் உரிய கடமையன்று. கால்வாயின் மறுமுனையில் நீர் பெறுபவனுக்கும், ஆட்சி செய்வோருக்கும் உரியது.

அடக்கத்திற்கும் முந்தைய கடமை ஒன்று உண்டு: பட்ட கடனைத் தீர்த்தல். அனைத்தையும் கொடுத்தவனை வெறுங்கையோடு நிறுத்திவிட்டு, பறவைக்காக மேலும் விட்டுக்கொடு என்று அவனிடம் சொல்வது அறமாகாது. அவனுக்குரியதை அவனுக்கு அளித்த பின்னரே அவனிடம் தியாகத்தைக் கோர முடியும். அப்போது அவனே அந்தப் பறவைகளின் முதற்காவலனாக நிற்பான்.

நீருக்கு உரிமையாளர் எவருமில்லை, அறங்காவலர்களே உண்டு. பெற்றதை அடுத்தவருக்குக் குறையாமல் ஒப்படைப்பவனே அப்பெயருக்குத் தகுதியுடையவன்.