பாதமும் பக்தியும்

வைசாகப் பௌர்ணமி ஊர்வலத்தில் வெறுங்காலுடன் நடப்பதே பக்தி என்று நம்மவருள் பலர் கருதுகின்றனர். நாமும் அங்ஙனமே கருதியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், நீரிழிவு நோயுற்ற முதிய உபாசகர் ஒருவர், நண்பகல் வெயிலில் கொதித்த தார்ச்சாலையில் செருப்பின்றி நடந்து விகாரை வந்து சேர்ந்தார். அவரை மேடைக்கு அழைத்து மாலை சூட்டினோம். இளைஞர்க்கு அவரையே எடுத்துக்காட்டாகவும் கூறினோம். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்ததை அவரும் அறியவில்லை, நாமும் பார்க்கவில்லை. பின்னர் இரண்டு விரல்களை அறுத்து நீக்க நேர்ந்தது. மருத்துவமனையில் அவர் சொன்ன சொல் இன்றும் நம்மை உறுத்துகின்றது: "வலி தோன்றாதது தியானத்தின் பயன் என்றல்லவோ எண்ணினேன்!" நெடுநாள் நீரிழிவு கால் நரம்புகளின் உணர்ச்சியைக் கெடுக்கும், குருதியோட்டத்தையும் குறைக்கும். மரத்துப்போன காலை உபேக்கை என்று மயங்கிவிட்டோம்.

உடல் அநித்தியமாயிற்றே, அழியப்போகும் காலைப் பேணுவானேன் என்று கேட்பாரும் உளர். இக்கேள்வி புதிதன்று. மிலிந்த மன்னன் நாகசேன தேரரிடம் இதனையொத்த வினாவை எழுப்பியதாக மிலிந்த பஞ்ஹம் கூறுகின்றது. போரில் அம்பு தைத்த புண்ணுக்கு மருந்திட்டு மெல்லிய துணியால் கட்டுகிறவன், புண்ணின்மீது ஆசை கொண்டா அவ்வாறு செய்கிறான் என்று தேரர் திருப்பிக் கேட்டார். துறவியரும் உடலை அப்புண்போலவே பேணுகின்றனர் என்பது அவர் விடை.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வரும் சோண கோளிவிசரின் வரலாற்றை நம்மவர் வீணை உவமைக்காகவே பெரிதும் நினைவுகூர்வர். செல்வச் செழிப்பில் வளர்ந்த அவர், இராசகிருகத்துச் சீதவனத்தில் பாதம் பிளந்து குருதி வழியும்வரை நடைத்தியானம் செய்தார். நரம்பை மிகையாக முறுக்கிய வீணை இசைக்காது என்று பகவன் புத்தர் உணர்த்தியது யாவரும் அறிந்தது. அதற்குப் பின் நடந்ததே நமக்கு இங்கு வேண்டுவது. சோணர்க்கு ஓரடுக்குச் செருப்பைப் பகவன் அனுமதித்தார். தமக்கு மட்டுமெனில் வேண்டா, பிக்கு சங்கத்தார்க்கும் அனுமதித்தால் அணிவேன் என்றார் சோணர். பகவனும் அனைவர்க்கும் அனுமதித்தார்.

இவ்வரலாற்றை வேறெவரினும் நாம் ஆழ்ந்து படித்தல் வேண்டும். மேல்சாதித் தெருவில் நுழையுமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் சென்ற பாட்டன்மாரின் வழிவந்தவர் நம்முள் எத்தனை பேர்! வெறுங்கால் அவர்கட்கு நோன்பன்று. பிறர் விதித்த தண்டனை. அதனைப் பக்தியின் பெயரால் நாமே மேற்கொள்ளுமுன் சற்றே சிந்திக்கலாகாதா? திருவுருவின்முன் செருப்பைக் கழற்றும் மரியாதையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மரியாதையிலும் விநயம் கண்மூடி நிற்கவில்லை. செருப்பணிந்தவர்க்குப் பிக்குகள் தம்மம் உரைக்கலாகாது என்னும் சேகிய விதி, நோயாளியை விலக்கியே சொல்லப்பட்டுள்ளது.

உடலை உள்ளவாறு நோக்குதல் காயானுபசனை எனின், மாலைதோறும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்தலும் அதன் தொடக்கமாகலாம். உணர்ச்சி குன்றிய கால் தன் புண்ணைத் தானே சொல்லாது, கண்தான் காணவேண்டும். பார்வை மங்கியவர்க்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்லட்டும். வெந்நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் அறிக. சிறு புண்ணாயினும் மருத்துவரிடம் காட்டுவதை மறுநாளைக்கு ஒத்திவைக்கலாகாது.

அம்முதியவர் இப்பொழுது மருத்துவர் சொற்படி அகன்ற, மெத்தென்ற செருப்பணிந்து வருகிறார். முதல் நாள் விகாரை வாயிலில் நெடுநேரம் தயங்கி நின்றார். "கழற்றவேண்டா ஐயா, அப்படியே வாருங்கள்" என்றோம். உள்ளே வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். முன்வரிசைக்கு அழைத்தோம், செருப்புக் காலோடு அங்கு வர அவர் இன்னும் உடன்படவில்லை.