காதில் விழுந்ததா, கேட்டீர்களா?



பேத்தி ஆங்கிலப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "தாத்தா, 'ஹியர்'னா சத்தம் தானா காதுல விழுறது, 'லிசன்'னா மனசு வச்சுக் கேட்கிறது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று விடியற்காலை என் மனைவி மூன்று தரம் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. ஜெபத்தில் இருக்கிறேன் என்று எழுந்திருக்கவில்லை. மூட்டுவலியோடு அவளே தண்ணீர்க்குடத்தைத் தூக்கி வந்தாள்.

நம்ம தமிழில் "கேள்" ஒன்றுதான். விண்ணப்பம் கேட்பதும் அதுவே, செவிகொடுப்பதும் அதுவே. "சொன்ன பேச்சைக் கேள்" என்றால் கீழ்ப்படிவதும் அதுவே. எபிரெய பாஷையில் "ஷமா" என்ற வார்த்தையும் அப்படித்தான், கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் சேர்த்து ஒன்று. 1 சாமுவேல் 15:22-இல் கீழ்ப்படிதல் என்று நாம் வாசிப்பது அந்த வார்த்தைதான். சவுலுக்குக் கட்டளை காதில் விழவில்லையா? நன்றாகவே விழுந்தது. ஆனாலும் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்தான்; கேட்டால், பலியிடத்தானாம்! நான் காட்டிய சாக்கும் பக்தியான சாக்குதானே.

அப்படியானால், கேட்டும் செய்யாதவன் கேட்டவன்தானா? "கேளும் ஆண்டவரே" என்று இரவெல்லாம் கதறுகிறோம். அவர் நம்மைப்போலக் கேட்டால் நம்ம கதி என்ன?

இப்போதெல்லாம் அவள் கூப்பிட்டால், ஆமென் சொல்லுமுன்னே எழுந்துவிடுகிறேன்.