ஆமையின் ஓடு

அடக்கத்தை ஒருவருக்கு இன்னொருவர் கொடுக்க முடியுமா? வேலைக்கு ஓடும் பெற்றோர் பிள்ளையின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கும்போது எழும் கேள்வி உண்மையில் இதுதான். திருக்குறளின் 13ஆம் அதிகாரமான அடக்கமுடைமையில் ஐம்புலன் அடக்கத்துக்கு வள்ளுவர் காட்டும் உவமை ஆமை. அதை யாரும் ஓட்டுக்குள் தள்ளுவதில்லை, தானே ஒடுங்குகிறது. அப்படியானால் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது வெறும் தடைதானே என்று ஒருவர் கேட்கலாம். பாதி சரி. ஆனால் ஆமைக்கு ஓடு பிறவியிலேயே உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு அது இன்னும் வளரவில்லை. எதிரே இருக்கும் கருவியோ, ஒரு காணொளி முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே ஓட்டுகிறது. கதைப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு, இதற்கு இல்லை. நிறுத்துமிடமே இல்லாத ஒன்றின் முன் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, நிறுத்தத் தெரியவில்லையே என்று கடிந்துகொள்வது அநியாயம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பிள்ளைக்கு இன்னும் வளராத அந்த ஓட்டைப் பெற்றோர்தான் இப்படிப்பட்ட வரம்பாகக் கொஞ்ச காலம் இரவல் தர வேண்டும்.

சமைக்கும் அரைமணிக்குப் பிள்ளையிடம் செல்போனைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி என்ன என்பது கனமான மறுப்பு. கூட்டுக் குடும்பத்தில் பாட்டியும் அத்தையும் பகிர்ந்துகொண்ட வேலையை இன்று ஒரு தாய் தனியாகச் சுமக்கிறாள். அவளைக் குற்றவாளியாக்க எந்த அறநூலுக்கும் உரிமையில்லை. அந்த அரைமணியைவிட, வேலை முடிந்த பிறகும் பெரியவர்களின் கண் திரையைவிட்டு எழாததே எனக்குக் கவலை தருகிறது. குருகுலத்தில் சீடன் ஒழுக்கத்தைக் குருவின் அருகிலிருந்து பார்த்தே பழகினான். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் செல்போனும் அலமாரிக்குள் போகும் வீட்டில், பிள்ளை அந்த ஒடுங்குதலைத் தினமும் கண்ணால் பார்க்கிறது.