வலியவனின் வடு

சதுரங்கத்தில் யானைக்குக் கால் ஒடிவதில்லை. பலகையின்மேல் நிற்கும்வரை அது முழு யானையாகவே நிற்கிறது. வெட்டுண்டால் முழுவதுமாய் நீங்கிவிடுகிறது. நொண்டும் குதிரைக்கோ ஒரு கண் இழந்த மந்திரிக்கோ அந்த 64 கட்டங்களில் இடமில்லை. நம் மதுரைச் சீமையில் மரத்தடிப் பாறைகளிலும் மண்டபத்துக் கல்தளங்களிலும் கோடு கீறி ஆடிவந்த ஆடுபுலி ஆட்டம் இவ்வகையில் சற்று ஆழமானது எனலாம். அங்கே ஆடுகள் 15, புலிகள் 3. ஆடு வெட்டுப்படும், புலிக்குச் சாவு இல்லை. ஆயினும் ஆடுகள் நெருங்கிச் சூழ்ந்து வழியடைத்துவிட்டால் புலி இருந்த இடத்திலேயே இருக்கவேண்டியதுதான். உயிரோடிருந்தும் செயலற்றுப்போன வலியவனை அந்த ஆட்டம் நமக்குக் காட்டுகிறது. ஆனால் காட்டிய கணத்திலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. அதன்பின் அந்தப் புலியை என்ன செய்வது என்ற கேள்வி எழுவதில்லை.

இன்றைய இளைஞர்கள் கணினியில் ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகள் சிலவற்றில் அந்தக் கேள்வி எழுகிறது. மந்திரவாதிகளும் அரக்கர்களும் நெருப்புமிழும் நாகங்களும் படை நடத்தும் விளையாட்டுகள் அவை. சுவீடன் நாட்டின் இல்விண்டர் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கிய 'டொமினியன்ஸ்' வரிசை அவற்றுள் ஒன்று. அதன் ஆறாம் பதிப்பு 2024-இல் வெளிவந்தது. (ஆடுபவர் தம்மை ஒரு கடவுளாகப் பாவித்துக்கொண்டே ஆட்டத்தைத் தொடங்கவேண்டும் என்று எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும் அளவுக்கு அது பெரிய குற்றமன்று என்று ஆறுதல் கூறினேன்.)

அந்த ஆட்டத்தில் மாவீரன் ஒருவன் போரில் உயிர் தப்பினாலும் பல வேளைகளில் நீங்காத காயத்தோடு திரும்புகிறான். ஒரு கண் போகும், கை போகும், கையோடு அது ஏந்திய படைக்கலமும் போகும், கால் நொண்டும், மார்புப் புண்ணால் மூச்சு வாங்கும், சிலருக்கு அறிவே மழுங்கிவிடும். அடுத்த போரிலும் அதற்கடுத்த போரிலும் அந்தக் குறை தொடர்கிறது. இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. எளிய படைவீரன் முதல் அடியிலேயே மாண்டுபோகிறான். ஆறாத காயத்தைச் சுமந்து திரிவது, பல அடிகளைத் தாங்கிப் பிழைக்கும் ஆற்றலுள்ளவனுக்கே நேர்கிறது. வலியவன் என்பதாலேயே ஒவ்வொரு போரிலும் அவனை முன்னணியில் நிறுத்துகிறோம். முன்னணியில் நின்றதாலேயே அவன் சிதைகிறான். ஊனம் என்றால் மெலிந்தோருக்கு வருவது என்று எண்ணிப் பழகிய நமக்கு இது புதிய செய்தியாய்த் தோன்றலாம். உண்மையில் நம் வீடுகளில் நாம் நாளும் காண்பதுதான்.

சரி, சிதைந்தவனை என்ன செய்வது?

இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோர் பலர் முதலில் கைக்கொள்ளும் வழி மிக எளிது. போருக்கு முன் சேமித்துவைத்த நிலைக்குத் திரும்பிச் சென்று, அந்தப் போர் நடக்கவேயில்லை என்று ஆக்கிவிடுகிறார்கள். இதைக் கேட்டபோது புனித இஞ்ஞாசியாரின் கால் என் நினைவுக்கு வந்தது. 1521 மே 20 அன்று பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. எலும்பு கோணலாய்ப் பொருந்தியதால் மீண்டும் முறித்துப் பொருத்தினார்கள். அப்படியும் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்தி நின்றது. தாம் விரும்பி அணியும் இறுக்கமான காலணிக்கு அது இடைஞ்சல் என்பதற்காக, அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார் அவர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. காயத்துக்கு முந்தைய நாளுக்குத் திரும்பிவிட மனிதன் எவ்வளவு விலையும் கொடுப்பான்! ஆயினும் கால் நொண்டியது நொண்டியதுதான். அந்தக் காலோடு அவர் எருசலேமுக்குப் போனார்; பாரிசுக்குப் போனார்; அவர் தொடங்கிய சபையின் ராபர்ட் தெ நொபிலி 1606-இல் நம் மதுரைக்கு வந்தார். இவற்றையெல்லாம் கூட்டிக் கணக்குப் பார்த்து, அந்தக் குண்டு பட்டது நல்லதே என்று கூற நான் துணியேன். துன்பத்துக்குப் பலன் காட்டித் துன்புறுவோரின் வாயை அடைப்பது மறையுரையாளர் சிலரிடம் உள்ள பொல்லாத பழக்கம்.

காலத்தைத் திருப்பாமல் ஆடுவோருக்கு வேறு வழிகள் உண்டு. களத்துக்கு உதவாத மாவீரனைக் கோட்டைக் காவலில் வைக்கலாம். மந்திரம் அறிந்தவனாயின் ஏடுகளை ஆராயும் பணியில் அமர்த்தலாம். ஜெர்மனியில் உருவாகி 2017-இல் வெளிவந்த 'பேட்டில் பிரதர்ஸ்' என்னும் விளையாட்டில் ஆடுபவர் ஒரு கூலிப்படைக்குத் தலைவர். ஊனமுற்ற வீரனை அவர் படையிலிருந்து நீக்கலாம். நீக்கும்போது ஈட்டுத்தொகை கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். கொடாமல் விட்டால் எஞ்சிய வீரரின் மனம் சோர்ந்துவிடுகிறது. இவ்விதியை வகுத்தவர் மனித இயல்பை அறிந்தவர். பழந்தமிழ் மன்னரும் அறிந்திருந்தனர். போரில் பட்டவனின் குடும்பத்துக்கு அவர்கள் விட்ட நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். நல்ல வழக்கமே. ஆயினும் மற்றவர் சோர்ந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கொடுக்கும் பணம், அந்த ஒருவனுக்குச் சேரவேண்டிய நீதியாகுமா என்பது கேட்கத்தக்க கேள்வி. அங்கே கொடுப்பவரின் கண் போகிறவன்மேல் இல்லை, இருப்பவர்கள்மேல் இருக்கிறது.

இன்னொரு வழியை ஆடுவோர் சற்றுப் பெருமையோடே சொல்கிறார்கள். இவன் இனி எப்படியும் பயன் குறைந்தவன்; ஆகவே மீள முடியாத ஒரு போரில் கடைசியாய் இவனை ஏவிவிடுவது. வீழ்ந்தாலும் பகைவர் பலரை வீழ்த்திவிட்டு வீழ்வான் அல்லவா?

தமிழர் செவிக்கு இது இனிமையாகவே ஒலிக்கும். விழுப்புண்ணைப் போற்றிய மரபு நம்முடையது. விக்கிரமசோழன் உலாவில் ஒட்டக்கூத்தர் 96 புண்களைத் தாங்கிய சோழன் ஒருவனைப் பாடுகிறார்; அவன் விசயாலயனே என்பர். ஏறக்குறைய கி.பி. 880-இல் குடந்தைக்கு அருகே திருப்புறம்பியத்தில் பெரும்போர் நடந்தது. நம் மதுரையிலிருந்து சென்ற பாண்டியன் வரகுணவர்மன் ஒருபுறம். பல்லவன் அபராசிதனும் கங்க மன்னன் பிருதிவீபதியும் சோழரும் மறுபுறம். பிருதிவீபதி அக்களத்திலேயே மாண்டான், பாண்டியன் தோற்றான். அந்தப் போரில், கால்கள் செயலிழந்த முதியவனான விசயாலயன் இரண்டு வீரரின் தோள்மீது ஏறி, வாள் சுழற்றிப் போரின் போக்கையே மாற்றினான் என்று கல்கி தம் 'பொன்னியின் செல்வன்' புதினத்தில் காட்டுகிறார். வரலாறு வேறு, புதினம் வேறு. எனினும் 1950 முதல் 1954 வரை அக்கதை வார இதழில் வெளிவந்த நாளிலிருந்து தமிழர் நெஞ்சில் நிலைத்துவிட்ட காட்சி அது.

அந்தக் காட்சியையும் ஆட்டக்காரர் ஏவும் கடைசிப் போரையும் ஒன்றாகக் கருதலாமா? கூடாது என்பேன். விசயாலயன் தானே கேட்டான். என்னைத் தூக்கிச் செல்லுங்கள் என்று சொல்ல அவனுக்கு வாயும் இருந்தது, அதைச் செவிமடுக்க ஆட்களும் இருந்தனர். கணினித் திரையில் நிற்கும் மாவீரனை எவரும் கேட்பதில்லை. ஒருவன் தன் உயிரைத் தரலாம். தருவதைத் தியாகம் என்கிறோம். அடுத்தவன் உயிரை எடுத்துச் செலவிட்டுவிட்டு அதற்கும் தியாகம் என்று பெயர் சூட்டினால் அது சொல்லுக்குச் செய்யும் துரோகம். திரையில் நிற்பது உயிரற்ற பொம்மை என்பதால் ஆட்டத்தில் இது குற்றமாகாது. விளையாட்டைக் கண்டிக்க நான் இதை எழுதவில்லை. உலகத்துப் போர்களை நடத்தியவர்களில் எத்தனை பேர் திரையைப் பார்ப்பதுபோலவே களத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்பதே என் கவலை.

விசயாலயனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அவனைச் சுமந்தவர்கள் இருவர். அவர்களுக்குக் கதையில் பெரிய இடமில்லை. தோளில் ஓர் ஆளைத் தாங்கிக்கொண்டு வாள்களுக்கும் யானைகளுக்கும் நடுவே ஓடுவதென்பது எளிதா? ஒருவர் தடுக்கினால் மூவரும் மாள்வர். அவர்களை யாராவது கேட்டார்களா? வலியவன் தன் காயத்தை ஏற்க மறுக்கும்போது அதன் பாரம் வேறு சிலரின் தோளில் ஏறுகிறது. அதிகாரத்தை விட மனமில்லாத தலைவர்களிடத்தும், படுக்கையில் கிடந்தபடியே வீட்டை ஆட்டிப்படைக்கும் பெரியவர்களிடத்தும் இதைக் காண்கிறோம். ஆகவே காயம்பட்டவனைக் கேட்கவேண்டும் என்பது உண்மையானால், அவனைத் தாங்குகிறவர்களையும் கேட்கவேண்டும் என்பதும் உண்மையே.

நம் பழைய இலக்கியத்தில் வீரத்தைவிட எனக்கு மிகவும் பிடித்தது அரிசில் கிழாரின் புறநானூற்றுப் பாடல் ஒன்று. புண்பட்டு வீடு திரும்பிய வீரன் உள்ளே கிடக்கிறான். பெண்கள் வேப்பந்தழையையும் இரவமரத் தழையையும் மனையில் செருகுகிறார்கள். வெண்சிறுகடுகைத் தூவுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள், யாழ் ஒலிக்க, மணி ஒலிக்க, காஞ்சிப் பண் பாடுகிறார்கள். பேய் அண்டாமல் காப்பதற்காக என்பது அக்கால நம்பிக்கை. அதை நாம் ஏற்கவேண்டியதில்லை. அவன் என்று மீண்டும் களம் புகுவான், வேல் பிடிக்கக் கை உதவுமா என்ற பேச்சே அங்கு இல்லை என்பதுதான் என்னை ஈர்க்கிறது. அவன் இருக்கிறான், அவனுக்காகப் பாடுகிறார்கள், அவ்வளவே.

இந்தியப் படையின் இயன் கார்டோசோவை அறிந்திருப்பீர்கள். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த தம் காலைக் கூர்க்கர்களின் குக்ரிக் கத்தியால் தாமே வெட்டிக்கொண்டவர். பொய்க்காலோடு, தம்மால் முடியும் என்று மெய்ப்பித்துக் காட்ட வாய்ப்புக் கேட்டு, பின்னர் ஒரு காலாட்படைப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். ஊனமுற்ற அதிகாரி ஒருவர் அவ்வாறு தலைமை ஏற்றது நம் படையில் அதுவே முதன்முறை. அவரை வணங்குகிறேன். ஆனால் இத்தகைய வரலாறுகளை நாம் மேடையில் சொல்லும் முறை எனக்கு உடன்பாடானதன்று. கால் போயும் மலையேறினார், கை போயும் வென்றார் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். ஏறமுடியாமல் கட்டிலில் கிடப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்?

கீழமாசி வீதியை ஒட்டிய கிட்டங்கிகளில் மூட்டை சுமந்தவர்கள் பலரை நான் அறிவேன். 100 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி நாள் முழுவதும் நடந்தவர்கள். ஐம்பதைத் தாண்டுமுன்னே முதுகெலும்பின் வட்டு விலகி, ஒருநாள் காலையில் எழமுடியாமல் போகிறது. அவ்வீடுகளில் அவர்களைப் பட்டினி போடுவதில்லை. மனைவி வேலைக்குப் போகிறார், மகன் மருந்து வாங்கித் தருகிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்பு அவரைக் கேளாமல் அந்த வீட்டில் ஒரு குடம்கூட வாங்கியதில்லை. இப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டு, கடைசியாய் அவர் கட்டிலருகே வந்து செய்தியாகச் சொல்கிறார்கள். அவர் தலையசைக்கிறார். முதுகின் வலியைப் பற்றி என்னிடம் நெடுநேரம் பேசியவர்களும் இதைப் பற்றிப் பேசியதில்லை. எனினும் நான் அறிந்தவரையில் அவர்களைக் குலைத்தது இதுவே.

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவரிடம் ஆண்டவர் முதலில் செய்தது என்ன? குணமடைய விருப்பமுண்டா என்று அவரிடமே கேட்டார். இதென்ன தேவையற்ற கேள்வி என்று குருமடத்தில் நாங்கள் வியந்ததுண்டு. அத்தனை ஆண்டுகளாக அவரை எவரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். எவரும் தம்மைக் குளத்தில் இறக்கிவிடுவதில்லை என்று அவர் சொன்ன மறுமொழியும் தாங்குவார் இல்லாதவரின் மறுமொழியே.

நான் சொன்ன அந்தச் சுவீடன் விளையாட்டில் உலகிலேயே ஒன்றாக ஓர் அதிசயக் கிண்ணம் உண்டு. அது வாய்த்தவருக்குப் போனது திரும்பும். இளைஞர்கள் அதற்காக ஏங்குவதில் வியப்பில்லை. ஆனால் அது வடுவையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. வீரன் போருக்கே போகாதவனைப்போல் எழுகிறான். புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' நூலின் கடைசிப் பகுதியில் உயிர்த்தெழும் உடலைப் பற்றி எழுதுகையில் வேறுவிதமாகக் கருதுகிறார். வேதசாட்சிகள் இழந்த உறுப்புகள் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆயினும் அவர்கள் பட்ட காயங்களின் அடையாளம் அங்கும் காணப்படக்கூடும், அது குறையாகாது, மாண்பாகும் என்பது அவர் எண்ணம். உயிர்த்த ஆண்டவரின் கைகளைக் கண்ட திருச்சபை வேறு எப்படி எண்ணும்?

அகுஸ்தினார் வேதசாட்சிகளைப் பற்றியே பேசினார். மூட்டை சுமந்து சுமந்து தடித்துக் கறுத்துப்போன தோளையும் அந்த வரிசையில் வைக்கலாமா என்று நான் படித்த எந்த இறையியல் நூலிலும் விடையில்லை. மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, கட்டில் தாழ்வாக இருப்பதால் குனிந்துதான் கொடுக்கவேண்டியிருக்கிறது. குனியும்போது அந்தத் தோள்தான் முதலில் கண்ணில் படுகிறது.